நாயின் பழைய தழும்பு கறுத்தால்...

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றை ஒட்டிய பகுதிகளில் காவலுக்கு நாய் வளர்ப்போர் உண்டு. பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்து இரண்டு ஆண்டு ஆன பிறகு, "தழும்பைச் சுற்றித் தோல் கறுக்கிறது, முடி கொட்டுகிறது, ஆபரேஷன் கெட்டுவிட்டதா?" என்று கவலைப்படுவோரும் உண்டு.

தழும்பின்மேல் முடி முளைக்காது. அங்கே மயிர்க்கால்கள் இல்லை. அறுவைக்காக மழித்த இடம் சில காலம் கறுத்திருப்பதும் இயல்பே. வலி, ஈரம், தடிப்பு இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

நெடுநாள் சும்மா இருந்த தழும்பு திடீரென மாறினால் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி நாயின் நாக்குதான். உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி இவற்றால் அரிப்பெடுத்தால் அடிவயிற்றை ஓயாமல் நக்கும். நக்க நக்கத் தோல் யானைத்தோல் போலத் தடித்துக் கறுக்கும். ஆற்றுச் சேற்றில் இறங்கி ஈர வயிற்றோடு படுக்கும் நாய்க்குப் பூஞ்சையும் சேரும்; கெட்ட வாடை அடிக்கும். அக்குள், தொடை இடுக்கு, காது ஆகிய இடங்களையும் பாருங்கள். அங்கும் கறுத்திருந்தால் நோய்க்கும் பழைய அறுவைக்கும் சம்பந்தமிருக்காது. மருத்துவர் தோலைச் சுரண்டிப் பரிசோதித்துச் சொறிப்பூச்சி உண்டா என்று பார்ப்பார்.

இன்னொரு வகை ஏமாற்றக்கூடியது. தழும்பிலோ விலாப்புறத்திலோ சிறு துவாரம் விழுந்து சீழ் வடியும். மருந்து கொடுத்தால் மூடும். நிறுத்தினால் மறுபடி திறக்கும். சூலகத்தை எடுத்த இடத்தில் கட்டிய நூல் கரையாத பட்டு அல்லது நைலானாக இருந்தால், சில நாய்களின் உடம்பு அதை முள் தைத்ததுபோல் பாவித்து வெளியே தள்ளப் பார்க்கும். மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்தும் இது வரலாம். அறுத்தது அடிவயிற்றில், புண்ணோ விலாவில் என்பதால், சண்டையில் பட்ட கடி என்று நினைத்து மஞ்சளைப் பூசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் நூலை எடுக்காமல் இந்தப் புண் ஆறுவது அரிது.

தழும்பின்கீழ் மெத்தென்ற வீக்கம் தோன்றி, நாய் மல்லாந்து படுத்தால் உள்ளே போனால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அந்த வீக்கம் கெட்டியாகி, வலியும் வாந்தியும் கண்டால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மடியை ஒட்டிக் கெட்டியான கட்டி தென்பட்டாலும் நாள் கடத்தக் கூடாது. அது புற்றாகவும் இருக்கலாம்.

கழிவு ஆயில், மண்ணெண்ணெய், பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து எதையும் பூசாதீர்கள். பூசியதெல்லாம் நக்கும்போது வயிற்றுக்குள்தான் போகும். நாம் படைக்குப் போடும் களிம்பு சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது அரிப்பை அடக்கிவிட்டுச் சொறியை வளர்க்கும். உப்புக் கலந்த, ஆறிய வெந்நீரால் துடைத்து, ஈரம் போக ஒற்றி, நக்காமல் இருக்கக் கழுத்தில் அகலப் பட்டை மாட்டுங்கள். அதற்குமேல் கைவைத்தியம் வேண்டாம். புண்ணைத் தொட்டால் வளர்த்தவரையும் கடிக்கும். ஆகவே வாயைத் துணியால், மூச்சுவிடத் தடையில்லாமல், கழலாதபடி கட்டிவிட்டே தொடவும்.

புதுவைப் பகுதியினர் குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுசெல்லலாம். அறுவை நடந்த தேதி, சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாயானால் காதைப் பாருங்கள். கருத்தடை செய்த தெருநாய்க்குக் காது நுனியில் வெட்டு அடையாளம் இடுவது வழக்கம். அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.