பழைய காரும் நாமும் – 7: கியர் பாக்ஸை இறக்கும் முன்

போன வாரம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் பிரேக்கைப் பார்த்தோம். இந்த வாரம் கியர். சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூர்த் தொழிற்சாலையில் 1961 முதல் உருவான கார் இது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. வடிவம் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டியின் கைவண்ணம். நான்கு கதவு ஹெரால்டு என்ற ஒன்று இந்தியாவில் மட்டும்தான் வந்தது. இன்றும் அதை வைத்திருப்பவர்களிடம் பேசினால் சீக்கிரமே ஒரு புலம்பல் வரும்: “கியர் விழ மாட்டேங்குது.”

ஒர்க் ஷாப்பில் உடனே கிடைக்கும் பதில், “பாக்ஸை இறக்கிடலாம் சார்.” ஹெரால்டில் அது சுலபம் வேறு. சீட்டை எடுத்து, நடுவிலிருக்கும் மூடியைக் கழற்றினால் கியர் பாக்ஸை காருக்குள்ளிருந்தே வெளியே எடுத்துவிடலாம். இந்த வசதியே வினை. பாக்ஸுக்குள் கோளாறு இல்லாத வண்டிகளிலும் பாக்ஸைப் பிரித்துவிடுகிறார்கள்.

முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு நான்கு கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். வெண்ணெயாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் கரகரத்தால் குற்றவாளி பெரும்பாலும் கிளட்ச். முழுசாகக் கட் ஆகவில்லை. பெடலை நாலு முறை வேகமாக மிதித்த பிறகு கியர் விழுந்தால் இன்னும் உறுதி: லைனில் காற்று இருக்கிறது, அல்லது சிலிண்டர் வாஷர் தேய்ந்திருக்கிறது.

ஹெரால்டின் கிளட்ச் ஹைட்ராலிக். ஆயில் குறைகிறதா என்று பார்ப்பவர்கள்கூட பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் ராடையும் இணைக்கும் சின்ன பின்னைப் பார்ப்பதில்லை. டார்ச் அடித்துக் குனிந்து அதை உருவிப் பாருங்கள். பல வண்டிகளில் பின்னின் நடுவில் படிக்கட்டு மாதிரி பள்ளம் விழுந்திருக்கும். பெடலில் உள்ள துளை முட்டை வடிவமாகியிருக்கும். அங்கே போகிற ஒன்றிரண்டு மில்லிமீட்டர், பெடலில் பல மடங்காக வீணாகும். துளையை வெல்டு வைத்து அடைத்து, புதிதாகத் துளைத்து, புதுப் பின் போட்டால் பாதி வியாதி போய்விடும். பிறகு ஒருவரை மிதிக்கச் சொல்லி, கீழே ஸ்லேவ் சிலிண்டர் ராடைக் கவனியுங்கள். சுமார் அரை அங்குலம் நகர வேண்டும். நகராவிட்டால் ஏர் எடுங்கள். அப்புறமும் தேறாவிட்டால் வாஷர் கிட் மாற்றுங்கள். பிரேக் ஆயில் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் ரப்பர் ஊதிவிடும்.

இன்ஜின் நின்றிருக்கும்போதே கியர் கடினமாக இருந்தால் கியர் ராடின் இணைப்புகளைப் பாருங்கள். புஷ்கள் தேய்ந்தால் ராடு குழம்புக் கரண்டி போல நாலா பக்கமும் ஆடும். போட்ட கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்தால், செலக்டர் ராடுகளைப் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். அதற்கும் முழு பாக்ஸை எடுக்க வேண்டாம், மேல்மூடியைக் கழற்றினால் போதும்.

ஒரே ஒரு கியர் மட்டும், முக்கியமாக இரண்டாவது, கரகரத்தால் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கும். அப்போது பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அந்த வளையம் பித்தளை வகை. ஜிஎல்-5 ரக ஆயிலில் உள்ள ரசாயனம் அதற்கு ஆகாது, ஜிஎல்-4 கேட்டு வாங்குங்கள். முதல் கியருக்கு சிங்க்ரோவே கிடையாது. ஓடும் வண்டியில் அதைப் போட்டால் கத்தத்தான் செய்யும். அது ரிப்பேர் அல்ல, பழக்கம்.

இன்னொரு சோதனையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். இன்ஜினை நிறுத்திவிட்டு கிளட்ச்சை மிதிக்கச் சொல்லி, முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அது முன்னே வந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அனுமதிக்கப்பட்ட அசைவு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். கிராங்கே முன்னே போனால் கிளட்ச்சுக்குக் கிடைக்க வேண்டிய நகர்வு குறைகிறது, கியரும் விழாது. கவனிக்காமல் ஓட்டினால் வாஷர் கழன்று சம்ப்பில் விழும், கிராங்க் பிளாக்கையே அரைக்கும். பிளாக் போனால் ஹெரால்டுக்கு இன்று எங்கே போய்த் தேடுவது? சம்ப்பைக் கழற்றி, பின் பேரிங் மூடியை எடுத்தால், இன்ஜினை இறக்காமலே புது வாஷர் போட்டுவிடலாம். புல்லி ஆடுகிறதென்றால், அதைப் போடும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.