‘ஏ.சி-யில கேஸ் இல்லை!’ - பணத்தை எடுக்கும் முன் கேட்கவேண்டிய கேள்விகள்

“கேஸ் இறங்கிடுச்சு... ஃபில் பண்ணாதான் கூலிங் வரும்!” - டெக்னீஷியன் இப்படிச் சொன்னதும், பல வீடுகளில் மறுபேச்சு பேசாமல் சில ஆயிரங்களை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த கோடையில் அதே பிரச்னை, அதே பதில்.

ஏ.சி-யில் உள்ள கேஸ், சமையல் சிலிண்டர்போல எரிந்து தீர்ந்துபோவது அல்ல. குழாய்களுக்குள் மூடிய பாதையில் சுற்றிக்கொண்டே இருப்பது. அறையின் வெப்பத்தை வாங்கி வெளியே விட்டுவிட்டு மீண்டும் உள்ளே வரும். கசிவு இல்லாதவரை குறையாது. குறைந்திருக்கிறது என்றால், எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அதை அடைக்காமல் கேஸ் நிரப்புவது, பஞ்சர் ஒட்டாமல் டயருக்குக் காற்றடிப்பதுபோலத்தான்.

தவிர, கூலிங் குறையும்போதெல்லாம் காரணம் கேஸ்தான் என்றும் இல்லை. வெறும் தூசிகூடக் காரணமாக இருக்கலாம்.

ஃபில்டர்... 10 நிமிட வேலை!

மெயின் சுவிட்ச்சை அணைத்துவிட்டு, உள் யூனிட்டின் முன்பக்க மூடியைத் தூக்கினால் வலை போன்ற ஃபில்டர் தெரியும். அதைக் கழற்றி, குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டினால் போதும். வெந்நீர், கரடுமுரடான பிரஷ் வேண்டாம். கோடையில் 2 வாரங்களுக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். சாலையோர வீடு, நாய், பூனை வளர்க்கும் வீடு என்றால் வாரம் ஒருமுறை.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் காயிலுக்குப் போதிய காற்று போகாது. காயிலில் ஐஸ் கட்டும். ஆவியாக வேண்டிய கேஸ், திரவமாகவே கம்ப்ரஸருக்குத் திரும்பி அதைப் பழுதாக்கலாம். ஏ.சி-யின் விலை உயர்ந்த பாகமே கம்ப்ரஸர்தான்.

ஐஸ் கட்டியிருந்தால் கத்தி, ஸ்பூன் கொண்டு சுரண்டாதீர்கள், காயில் ஓட்டையாகிவிடும். கூலிங்கை நிறுத்தி, ஃபேன் மோடில் மட்டும் ஓடவிடுங்கள், உருகிவிடும். ஃபில்டரைக் கழுவிய பிறகும் ஐஸ் கட்டினால், டெக்னீஷியனை அழையுங்கள்.

உள்ளே தண்ணீர் சொட்டுகிறதா?

பெரும்பாலும் வடிகால் குழாயில் அழுக்கும் பாசியும் அடைத்திருக்கும். ஏ.சி தண்ணீரைச் செடிகளுக்காக பக்கெட்டில் பிடிப்பவர்கள், குழாயின் முனை தண்ணீருக்குள் மூழ்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூழ்கினால் தண்ணீர் வடியாமல் அறைக்குள் சொட்டலாம்.

வெளி யூனிட்டுக்கும் காற்று வேண்டும்

அறையின் வெப்பம் வெளியேறுவது இங்கேதான். அதன்மீது துணி காயப்போடுவது, முன்னால் பழைய சாமான்களை அடுக்குவது, பால்கனியைச் சுற்றி அடைப்பது எல்லாம் வெப்பத்தைத் தடுத்து கம்ப்ரஸரைத் திணறடிக்கும். புறா கூடு கட்டினாலும் இதே கதைதான். எலி ஒயரைக் கடிப்பதும், பல்லி சர்க்யூட் போர்டில் சிக்கி ஷார்ட் ஆவதும் உண்டு.

கடலோர வீடுகளில் உப்புக்காற்றும், சாக்கடைக் கால்வாய் அருகே உள்ள வீடுகளில் அதன் வாயுவும் காயிலை அரிக்கும். கசிவுக்கு இது முக்கியக் காரணம். இங்கெல்லாம் சர்வீஸ் இடைவெளியைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஆனால், மாடி ஜன்னல் வழியே எட்டி நீங்களே சுத்தம் செய்யும் வேலை மட்டும் வேண்டாம்.

சர்வீஸ் எப்போது?

வருடத்துக்கு இருமுறை. அதில் ஒன்றை பிப்ரவரி, மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் டெக்னீஷியன் கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் அவசர அவசரமாகத்தான் பார்ப்பார்.

‘கேஸ் போச்சு’ என்றால் கேளுங்கள்...

* கசிவு எங்கே? நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தும், இணைப்புகளில் சோப்பு நுரை தடவியும் கண்டுபிடிக்க முடியும்.

* நிரப்பும் முன் வேக்கம் பம்ப் போடுவீர்களா? குழாய்க்குள் காற்றும் ஈரமும் தங்கினால் கம்ப்ரஸருக்கு ஆபத்து.

* எந்த கேஸ், எத்தனை கிராம்? இரண்டும் யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே இருக்கும். ஒரு கேஸுக்கு பதில் இன்னொன்றை நிரப்பக் கூடாது. இப்போதைய பல ஏ.சி-களில் உள்ள ஆர்-32, தீப்பற்றும் தன்மை கொண்டது. பயிற்சி பெற்றவர்தான் கையாள வேண்டும்.

* வாரன்டி இருக்கிறதா? வெளியாளை அழைக்கும் முன் கார்டை எடுத்துப் பாருங்கள். செய்த வேலைக்கு பில் வாங்குங்கள்.

‘கம்ப்ரஸர் போச்சு’ என்றாலும் பதற்றம் வேண்டாம். இன்வெர்ட்டர் அல்லாத ஏ.சி-யில் கெபாசிட்டர் என்ற சின்ன பாகம் கெட்டாலே கம்ப்ரஸர் ஓடாது. அதை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். நீங்களாகத் தொடாதீர்கள், சுவிட்ச்சை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ரிமோட்டிலும் இருக்கு சேமிப்பு

16 டிகிரி வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது பலரின் நம்பிக்கை. இன்வெர்ட்டர் அல்லாத ஏ.சி-யில் 16 வைத்தாலும் 24 வைத்தாலும் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும். 16 என்றால் ஓய்வே இல்லாமல் ஓடும், அவ்வளவுதான். நட்சத்திரக் குறியீடு பெறும் வீட்டு ஏ.சி-கள், ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்கும்படி இருக்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் மத்திய அரசு விதித்திருக்கிறது. 24-ல் வைத்து, கூடவே மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள்.

கரன்ட் போய் வந்தால், 3 நிமிடங்கள் கழித்து ஆன் செய்யுங்கள். கருகும் வாடை வந்தாலோ, எம்.சி.பி அடிக்கடி விழுந்தாலோ திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு டெக்னீஷியனை அழையுங்கள். அங்கே காக்கவேண்டியது பணத்தை மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களையும்தான்!