44 வயசுல வேலை போச்சு, 64 வயசுல நாவலைத் திரும்ப எழுதினார்: ரேமண்ட் சாண்ட்லர் கத்துக்கிட்ட விதம்

எழுத ஆசைப்படுற நிறைய பேருக்கு ரெண்டு பயம் இருக்கு. ஒண்ணு, "வயசாயிடுச்சு, இனிமே எங்க கத்துக்கிறது?" இன்னொண்ணு, "நாலஞ்சு கதை எழுதிட்டேன், ஆனா எழுத்து அங்கேயே நிக்குது, முன்னேறவே மாட்டேங்குது." இந்த ரெண்டுக்கும் சேர்த்துப் பதில் சொல்ற ஒருத்தரைப் பத்தித்தான் இந்த எபிசோட். பேர் ரேமண்ட் சாண்ட்லர். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துத் துப்பறிவாளர் ஃபிலிப் மார்லோவை உருவாக்கின அமெரிக்க எழுத்தாளர். தனி ஆளா சுத்துற, கையில காசில்லாத, நக்கலா பேசுற டிடெக்டிவை எந்தப் படத்துல பார்த்தாலும், மார்லோவோட சாயல் கொஞ்சம் அதுல ஒட்டியிருக்கும்.

சாண்ட்லர் எழுதி முடிச்ச நாவல்கள் மொத்தமே ஏழுதான். முதல் நாவல் வரும்போது அவருக்கு 50 வயசு. ஆனா அவர் எப்படிக் கத்துக்கிட்டார்ங்கிறது ரொம்பத் தெளிவா தெரியுது. காரணம், அவர் எக்கச்சக்கமா கடிதம் எழுதினவர். தன் வேலை முறையைப் பத்தி நண்பர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் விளக்கமா எழுதியிருக்கார். அதையெல்லாம் வெச்சுத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

ஒரு வார்த்தைக்கு ஒரு சென்ட்

சாண்ட்லர் 1888-ல் சிகாகோவில் பிறந்தவர். வளர்ந்தது, படிச்சது பெரும்பாலும் இங்கிலாந்துல. 1912-ல் அமெரிக்கா திரும்பினார். முதல் உலகப் போர்ல கனடா ராணுவத்துல இருந்தார். அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு எண்ணெய் கம்பெனியில பெரிய பதவி வரைக்கும் போனார். குடியும், ஆபீஸுக்கு ஒழுங்கா வராததும் சேர்ந்து 1932-ல் அந்த வேலை போயிடுச்சு. அமெரிக்கா முழுக்கப் பொருளாதாரம் சரிஞ்சு கிடந்த நேரம். வயசு 44. மனைவி சிஸ்ஸி அவரைவிட 18 வயசு மூத்தவங்க. அந்த நிலைமையில எழுதிப் பிழைக்கலாம்னு முடிவெடுத்தார்.

அப்போ அங்கே 'பல்ப்' பத்திரிகைகள்னு ஒரு உலகமே இருந்தது. மட்டமான தாள், கண்ணைப் பறிக்கிற அட்டை, உள்ளே கொலை, துப்பாக்கி, துரத்தல். நம்ம பாக்கெட் நாவல்களுக்கு அமெரிக்கப் பெரியப்பானு வெச்சுக்கலாம். அதுல மதிப்பான பத்திரிகை 'பிளாக் மாஸ்க்'. ஆசிரியர் ஜோசப் ஷா. சாண்ட்லரோட முதல் கதை 1933 டிசம்பர் இதழ்ல வந்தது. சுமார் 18,000 வார்த்தை. எழுத அஞ்சு மாசம் ஆச்சு. கிடைச்சது 180 டாலர். ஒரு வார்த்தைக்கு ஒரு சென்ட்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வார்த்தைக்கு இவ்வளவுனு காசு தர்ற இடத்துல வேகமா எழுதறவருக்குத்தான் லாபம். மத்தவங்க அப்படித்தான் எழுதித் தள்ளினாங்க. இவர் ஒரு கதைக்கு அஞ்சு மாசம் எடுத்தார். வருமானம்னு பார்த்தா முட்டாள்தனம். பயிற்சினு பார்த்தா, படிக்கிற காலத்துலயே உதவித்தொகை வாங்கின மாதிரி. அவர் அதை அப்படித்தான் பயன்படுத்திக்கிட்டார்.

அடுத்தவர் கதையைத் திரும்ப எழுதுறது

அந்தக் காலத்துல அவர் செஞ்ச ஒரு பயிற்சிதான் இன்னைக்கு நாம முக்கியமா எடுத்துக்க வேண்டிய விஷயம். எர்ல் ஸ்டான்லி கார்ட்னர்னு ஒரு எழுத்தாளர், பெரி மேசன் கதைகளை எழுதினவர். பல்ப் உலகத்துல அப்போவே பெரிய ஆள். சாண்ட்லர் அவரோட ஒரு குறுநாவலை எடுத்தார். அதுல என்னென்ன நடக்குதுனு ரொம்ப நுணுக்கமா ஒரு சுருக்கம் எழுதிக்கிட்டார். அப்புறம் அந்தச் சுருக்கத்தை மட்டும் வெச்சு முழுக் கதையையும் தானே எழுதினார். எழுதினதைக் கார்ட்னரோட மூலத்துக்குப் பக்கத்துல வெச்சு ஒப்பிட்டார். எங்க சறுக்கியிருக்கோம்னு பார்த்தார். திரும்ப எழுதினார்.

இதை 1939-ல் கார்ட்னருக்கே கடிதமா எழுதிச் சொன்னார். கதை நல்லா வந்திருந்தும் விற்க முடியலையேனு கடைசியில கொஞ்சம் வருத்தமா இருந்ததுனும் சொல்லியிருக்கார். எப்படி விற்பார்? கதை கார்ட்னரோடது.

இந்தப் பயிற்சி ஏன் வேலை செய்யுது? ஒரு நல்ல கதையைச் சும்மா படிக்கும்போது அதுல இருக்கிற வேலைப்பாடு நம்ம கண்ணுக்குத் தெரியாது. கதை நம்மை இழுத்துட்டுப் போயிடும். ஆனா அதே காட்சியை நாம எழுதிட்டு, அப்புறம் மூலத்தைத் திறந்தா, வித்தியாசம் முகத்துல அறையும். நாம மூணு பத்தியில சொன்னதை அவர் ஒரு வசனத்துல முடிச்சிருப்பார். நாம ரெண்டாவது பக்கத்துலயே உடைச்ச ரகசியத்தை அவர் பத்து பக்கம் கட்டி இழுத்திருப்பார். சம்பவம் ரெண்டுலயும் ஒண்ணுதான். அதனால மிச்சம் இருக்கிற வித்தியாசம் முழுக்க எழுத்தோட வித்தியாசம். "என் எழுத்து நல்லா இல்ல"ங்கிற மொட்டையான வருத்தம், "இந்த இடத்துல வசனம் நீளம்"ங்கிற திருத்தக்கூடிய விஷயமா மாறுது.

இன்னொண்ணும் கவனிங்க. கார்ட்னர் கதையை வாயால சொல்லச் சொல்ல, செயலாளர்கள் எழுத்தாக்குவாங்க. பெரி மேசன் நாவல் மட்டுமே 80-க்கும் மேல. அந்த வேகம் சாண்ட்லருக்கு ஒருநாளும் வரல. தனக்கு நேர் எதிரான ஆள்கிட்டேயும் கதையை எப்படிக் கட்டுறதுனு கத்துக்க முடியும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

வெட்டப்பட்ட ஒரு வரி

1948-ல் எழுதின ஒரு கடிதத்துல அவர் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்றார். பல்ப் கதை ஒண்ணுல, ஒருத்தன் கார்ல இருந்து இறங்கி வெயிலைத் தாண்டிப் போகும்போது முகத்துல நிழல் விழறதை ஒரு வரியில வர்ணிச்சிருந்தார். அச்சுல அந்த வரி இல்ல. "நம்ம வாசகர்களுக்கு இதெல்லாம் பிடிக்காது, ஆக்‌ஷன் தடைபடும்"ங்கிறது பத்திரிகைக்காரங்க கணக்கு.

சாண்ட்லர் அது தப்புனு நிரூபிக்கக் கிளம்பினார். அவர் வாதம் இதுதான். வாசகர் தனக்கு ஆக்‌ஷன்தான் பிடிக்கும்னு நினைச்சுக்கிறார். ஆனா உண்மையில அவரைப் பிடிச்சு வைக்கிறது வசனமும் வர்ணனையும் உண்டாக்குற உணர்ச்சி. அதுக்கு அவர் கொடுத்த உதாரணத்தை என் வார்த்தையில சொல்றேன். ஒருத்தன் சாகிற நேரம். மேஜை மேல கிடக்கிற ஒரு பேப்பர் கிளிப்பை எடுக்கப் பார்க்கிறான். அது வழுக்கி வழுக்கிப் போகுது. அவனுக்கு மரணத்தைப் பத்தி நினைப்பே இல்ல, நினைப்பெல்லாம் அந்தக் கிளிப் மேல. வாசகர் மனசுல தங்குறது அவன் செத்தாங்கிற தகவல் இல்ல, அந்தக் கிளிப்.

நம்ம ஊர்ல வெச்சுப் பார்ப்போம். ஒருத்தனுக்கு மிரட்டல் போன் வருது. "அவன் பயத்தில் உறைந்து போனான்"னு எழுதலாம். வாசகர் அடுத்த வரிக்குப் போயிடுவார். இல்லன்னா, டீக்கடையில வாங்கின சில்லறையை அவன் மூணு தடவை எண்ணுறான், ஒவ்வொரு தடவையும் வேற கணக்கு வருதுனு எழுதலாம். பயம்ங்கிற சொல்லே இல்ல. ஆனா படிக்கிறவர் கை குளிர்ந்துடும். பெரிய சம்பவம் நடக்கும்போது சின்னப் பொருள் மேல கண்ணை வைக்கிற இந்த வித்தையை, அவர் வாதம் பண்ணினதோட விடல, நாவல் நாவலா செஞ்சு காட்டினார்.

பாதித் தாளும் நாலு மணி நேரமும்

சரி, தினமும் எப்படி வேலை செஞ்சார்? டைப் அடிக்கிற மஞ்சள் தாளை ரெண்டா வெட்டி, அந்தப் பாதித் தாள்லதான் டைப் பண்ணுவார். ஒரு தாள்ல சுமார் 12 முதல் 15 வரி. ஒவ்வொரு பாதித் தாள்லயும் ஏதாவது ஒரு சின்ன மாயம் இருக்கணும்ங்கிறது அவர் வெச்சுக்கிட்ட விதி. ஒரு நல்ல வசனமோ, ஒரு உவமையோ, ஒரு திருப்பமோ. இதுல நடைமுறை லாபமும் இருக்கு. தாள் சின்னது, அதனால தூக்கிப் போட்டுட்டுத் திரும்ப எழுத மனசு வலிக்காது.

இன்னொரு விதி பிரபலமானது. தினமும் குறைஞ்சது நாலு மணி நேரம் எழுத்துக்குனு ஒதுக்கணும். அந்த நேரத்துல எழுதியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கலாம், தரையில உருளலாம். ஆனா வேற உருப்படியான வேலை எதுவும் செய்யக் கூடாது. புத்தகம் படிக்கக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது, செக் எழுதக் கூடாது. இன்னைக்கு இருந்திருந்தா முதல் விதியா போனை அடுத்த ரூம்ல வைக்கச் சொல்லியிருப்பார்னு நினைக்கிறேன். சும்மா இருக்கிற சலிப்பைவிட எழுதறது மேல்னு மனசு தானே ஒரு கட்டத்துல திரும்பும்ங்கிறதுதான் இதோட சூட்சுமம்.

நோட்டுப் புத்தகங்களும் வெச்சிருந்தார். தலைப்புகள், உவமைகள், ஜெயில் பேச்சு, பிக்பாக்கெட் அடிக்கிறவங்க பேச்சுனு பட்டியல் பட்டியலா. இங்கிலாந்துல படிச்சவர்ங்கிறதால அமெரிக்கப் பேச்சை ஒரு அந்நிய மொழி மாதிரியே கத்துக்க வேண்டியிருந்ததுனு அவரே சொல்லியிருக்கார். இன்னைக்கு நாம ரசிக்கிற அந்தத் தெருப் பேச்சு அவருக்குத் தானா வந்தது இல்ல, சேர்த்து வெச்சது.

பழைய கதையைப் பிரிச்சுக் கட்டுறது

முதல் நாவல் 'தி பிக் ஸ்லீப்' 1939-ல் வந்தது. அதை எழுத மூணு மாசம்தான் ஆச்சு. முதல் சிறுகதைக்கு அஞ்சு மாசம், முழு நாவலுக்கு மூணு மாசம். எப்படி? 1935-லும் 1936-லும் தான் எழுதின ரெண்டு பல்ப் கதைகளை அடிப்படையா எடுத்துக்கிட்டு, காட்சிகளை மறுபடி எழுதி, ஒண்ணா தைச்சார். அடுத்த நாவல்களுக்கும் பழைய கதைகளை இப்படிப் பிரிச்சுப் பயன்படுத்தினார். மத்தவர் கதையில செஞ்ச அதே ஒப்பிடுற பயிற்சியை இப்போ தன் கதையிலேயே செஞ்சார். பழைய காட்சியில என்ன குறைனு இப்போ அவர் கண்ணுக்குத் தெரிஞ்சது.

தையல் சில இடத்துல பிரிஞ்சும் இருக்கு. 'தி பிக் ஸ்லீப்'பை ஹோவர்ட் ஹாக்ஸ் படமா எடுக்கும்போது, கதையில வர்ற ஒரு டிரைவர் கொலையானாரா, தற்கொலையானு அவருக்கும் நடிகர் ஹம்ப்ரி போகார்ட்டுக்கும் வாக்குவாதம். சாண்ட்லருக்குத் தந்தி அடிச்சுக் கேட்டாங்க. தனக்கும் தெரியலனுட்டார். இதை அவரே ஒரு கடிதத்துல சிரிச்சுக்கிட்டுச் சொல்றார். நல்ல காட்சி எழுதறதுல தேறினவர், கதைமுடிச்சுல கடைசி வரைக்கும் கொஞ்சம் பலவீனமாத்தான் இருந்தார். முன்னேற்றம் எல்லாப் பக்கமும் ஒரே அளவுல வராது.

64 வயசுல

1952. சாண்ட்லர் இப்போ பிரபலம். ஹாலிவுட்ல பில்லி வைல்டரோட சேர்ந்து எழுதின 'டபுள் இன்டெம்னிட்டி' திரைக்கதை ஆஸ்கருக்குப் பரிந்துரையாகி ஏழு வருஷம் ஆச்சு. வீட்டுல சிஸ்ஸி நுரையீரல் நோயோட போராடிட்டு இருக்காங்க. அந்தச் சூழ்நிலையில ஒரு புது நாவலை முடிச்சு, தன் இலக்கிய ஏஜென்ட்டுக்கு அனுப்பினார். இந்தத் தடவை மர்மத்தைவிட மனுஷங்களைப் பத்தியும், அவங்க வாழற கெட்டுப்போன உலகத்தைப் பத்தியும்தான் தனக்கு அக்கறைனு சொல்லி அனுப்பினார்.

பதில் கசப்பா வந்தது. மார்லோ ரொம்ப இளகிட்டார்னாங்க. சாண்ட்லருக்கு வலிச்சது. அந்த மாற்றம் தெரிஞ்சே செஞ்சதுனு பதில் எழுதினார். ஆனாலும் கையெழுத்துப் பிரதியைத் திரும்ப வாங்கினார். அந்த வருஷமே அந்த ஏஜென்சியோட உறவையும் முறிச்சுக்கிட்டார். கோபம் ஒரு பக்கம், திருத்தம் இன்னொரு பக்கம். உட்கார்ந்து நாவலைத் திரும்ப எழுதினார். வாசகர்கள் காத்துட்டு இருக்காங்க, பேர் இருக்கு, அப்படியே விட்டிருந்தாலும் விற்றிருக்கும். அவர் விடல.

அதுதான் 'தி லாங் குட்பை'. 1953-ல் முதல்ல லண்டன்ல வெளியாச்சு. 1955-ல் அமெரிக்க மர்ம எழுத்தாளர்கள் சங்கத்தோட எட்கர் விருது, சிறந்த நாவலுக்கு. அவரோட சிறந்த நாவல்னு இன்னைக்கும் பலர் சொல்றது இதைத்தான்.

இதோட நிறுத்தினா அழகான முடிவு. ஆனா உண்மை அப்படி இல்ல. 1954 டிசம்பர்ல சிஸ்ஸி இறந்தாங்க. சாண்ட்லர் உடைஞ்சு போனார். குடி அதிகமாச்சு. 1958-ல் வந்த கடைசி நாவல் 'பிளேபேக்' பலவீனமானதுனுதான் பெரும்பாலான வாசகர்கள் சொல்வாங்க. 1959-ல், 70 வயசுல இறந்தார். எழுத்துல கைதேர்ந்தா வாழ்க்கையும் சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கைதேர்ச்சிங்கிறதும் ஒருதடவை வாங்கி வெச்சுக்கிற சொத்து இல்ல, தினமும் பார்த்துக்க வேண்டிய உடம்பு மாதிரி.

இந்த வாரம் ஒரு வேலை

சாண்ட்லர்கிட்ட இருந்து எனக்குத் தெரியிறது ஒண்ணுதான். அவர் நிறைய எழுதி முன்னேறல, ஒப்பிட்டு முன்னேறினார். முதல்ல கார்ட்னரோட, அப்புறம் தன் பழைய கதைகளோட, கடைசியில தானே எழுதி முடிச்ச நாவலோட.

நீங்களும் செஞ்சு பாருங்க. உங்களுக்குப் பிடிச்ச க்ரைம் நாவல்ல ஒரே ஒரு அத்தியாயம். என்ன நடக்குதுனு அரைப் பக்கத்துல குறிச்சுக்கோங்க. புத்தகத்தை மூடி வெச்சுட்டு ரெண்டு நாள் விடுங்க. அப்புறம் குறிப்பை மட்டும் பார்த்து அந்த அத்தியாயத்தை எழுதுங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சு, மூணு வித்தியாசம் மட்டும் எழுதிக்கோங்க. அதுல ஒண்ணைத் திருத்தித் திரும்ப எழுதுங்க. யாருக்கும் காட்ட வேண்டாம், எங்கேயும் போட வேண்டாம். அந்தக் கதை உங்களோடது இல்ல. ஆனா அதுல கண்டுபிடிச்ச அந்த மூணு விஷயமும் உங்களோடது.