மூணு தடவை தோல்வி... ஆனா ஆறுக்கு அஞ்சு வெற்றி!

ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைக் காணோம்னா என்ன பண்ணுவீங்க? ஒரு மனு எழுதி, ரூம் ரூமா ஏறி இறங்கி கையெழுத்து வாங்கி, வார்டனிடம் நீட்டுவீங்க. மிஞ்சிப்போனா இருநூறு கையெழுத்து தேறும். 1842-ல் லண்டன் பார்லிமென்ட்டுக்கு ஒரு மனு போச்சு பாருங்க... அதில் 33 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து! அந்த ராட்சச சுருள் வாசலில் நுழையவே இல்லை. துண்டு துண்டாப் பிரிச்சுத்தான் உள்ளே கொண்டு போனாங்க.

கையெழுத்துப் போட்டவங்க நெசவாளிகள், சுரங்கத் தொழிலாளிகள், தையல்காரர்கள். கேட்டது ஓட்டு!

1832-ல் பிரிட்டனில் தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதுக்காகத் தெருவில் இறங்கினதில் தொழிலாளிகளும் உண்டு. ஆனா ஓட்டு கிடைச்சதோ, ஓரளவு சொத்துபத்து உள்ளவங்களுக்கு. உழைச்சவங்களுக்குப் பட்டை நாமம்! 1838-ல் வில்லியம் லோவெட் என்ற மரவேலைத் தொழிலாளி முன்னின்று எழுதிய ‘மக்கள் சாசனம்' வெளியானது. சாசனம்னா இங்கிலீஷில் சார்ட்டர். அதனால் இவங்க ‘சார்ட்டிஸ்ட்'கள்.

ஆறே கோரிக்கை. 21 வயதான ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு. ரகசிய வாக்கெடுப்பு (முதலாளி பார்க்க ஓட்டுப் போட்டா வேலை காலி!). எம்.பி. ஆகச் சொத்து தேவையில்லை. எம்.பி.க்குச் சம்பளம் (இல்லேன்னா தறியை விட்டுட்டு ஏழை எப்படிப் போவான்?). சம அளவுத் தொகுதிகள். வருஷா வருஷம் தேர்தல்.

1839-ல் முதல் மனு, சுமார் 12.8 லட்சம் கையெழுத்து. தள்ளுபடி! அந்த நவம்பரில் வேல்ஸின் நியூபோர்ட்டில் திரண்ட தொழிலாளிகள் மீது ராணுவம் சுட்டதில் இருபது பேருக்கு மேல் பலி. 1842 மனுவுக்கும் அதே கதிதான்.

1848-ல் மூணாவது மனு. 57 லட்சம் கையெழுத்துன்னு தலைவர் ஃபியர்கஸ் ஓ'கானர் சொன்னார். பார்லிமென்ட் குமாஸ்தாக்கள் எண்ணி, 19 லட்சம்தான்னாங்க. விக்டோரியா ராணி பேரில்கூட கையெழுத்து இருந்துச்சாம். ஒரே சிரிப்பு! சரி, அந்தக் கணக்கையே எடுத்துக்குங்க. 19 லட்சம் என்ன கொஞ்சமா? ராணி பேரை எழுதின குறும்பனைக் கண்டுபிடிச்சவங்களுக்கு, நிஜமா கேட்டு நின்ன கூட்டம் கண்ணில் படலை.

அதே வருஷம் லண்டன் தையல்காரர் வில்லியம் கஃபி, அரசுக்கு எதிரான சதி வழக்கில் தண்டிக்கப்பட்டார்; பிறகு டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அடிமையாகப் பிறந்த ஒருவரின் மகன் அவர். பிறகு மன்னிப்பு கிடைச்சும் அங்கேயே தங்கி, 1870-ல் ஏழையாகவே இறந்தார்.

ரெண்டே வருஷம்... 1872-ல் பிரிட்டனில் ரகசிய வாக்கெடுப்பு வந்துடுச்சு! எம்.பி.க்கான சொத்துத் தகுதி 1858-லேயே போயாச்சு. 1911-ல் எம்.பி.க்களுக்குச் சம்பளம். 1918-ல் 21 வயதான ஆண்களுக்கு ஓட்டு. சாசனம் கேட்க மறந்த பெண்களுக்கு, ஆண்களுக்குச் சமமான ஓட்டுரிமை 1928-ல். தொகுதிகளும் படிப்படியா சமமாச்சு. வருஷா வருஷம் தேர்தல் மட்டும்தான் பாக்கி!

‘கையெழுத்துப் போட்டு என்னடா ஆகப்போகுது?'ன்னு யாராவது உதட்டைப் பிதுக்கினா, இந்த ஸ்கோரைச் சொல்லுங்க... ஆறுக்கு அஞ்சு! கூடவே, அதைப் பார்க்கக் கொடுத்துவைக்காத அந்தத் தையல்காரர் கதையையும் சொல்லுங்க.