தையல் ஆலைப் பெண்கள் வேலையை விட எண்ணுவது ஏன்?

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியிலும், வடக்கே திண்டுக்கல், வேடசந்தூர்ப் பகுதிகளிலும் தையல் ஆலைகளுக்குச் செல்லும் பெண்களுட் பலர் நெசவாளர், குடியானவர் வீட்டினரே. சில காலம் உழைத்த பின் வேலையை விட்டுவிடலாமா என எண்ணுவோர் அவர்களுள் உண்டு. இதனைச் சோம்பல் என்று கூறுவது பொருந்தாது என்பதே நம் கருத்து.

முதற் காரணம் கூலி. தையல் தொழிலுக்கென 2004-இல் வகுத்த குறைந்தபட்சக் கூலி 2014-இல்தான் உயர்த்தப்பட்டது. ஆலை முதலாளிகள் வழக்குத் தொடுத்தனர். 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வுயர்வை உறுதி செய்தது. விலைவாசியோ அத்தனை ஆண்டுகள் காத்திருக்கவில்லை.

இரண்டாவது, வேலையின் வேகம். தறியில் அமர்ந்தவர் கை ஓய்ந்தால் சற்று எழுந்து நிற்கலாம். ஆலையிலோ ஒருவர் காலர் தைக்க, அடுத்தவர் கை தைக்க, சட்டை வரிசையாக நகர்கிறது. மணிக்கு இத்தனை உருப்படி என்பது கணக்கு. ஒருவர் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் வரிசை தேங்கும். சூபர்வைசரின் ஏச்சு தொடரும்.

மூன்றாவது, யாவற்றினும் பெரிது: மானமும் பாதுகாப்பும். வேடசந்தூர்ப் பகுதித் தையல் ஆலையொன்றில் பணிபுரிந்த இருபது வயதுப் பெண் 2021 ஜனவரியில் கொலையுண்டார். அவ்வாலைச் சூபர்வைசர் கைது செய்யப்பட்டார். அதன் பின், பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் ஒன்றின் விடாமுயற்சியால் 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் ஏற்பட்டது. ஆலை நிர்வாகத்தாரும், துணி வாங்கும் ஸ்வீடன் நாட்டு எச் அண்ட் எம் கம்பெனியும் அதில் கையெழுத்திட்டனர். தொழிலாளர் 25 பேருக்கு ஒருவர் வீதம் அவர்களுக்குள்ளிருந்தே கண்காணிப்போர் அமர்த்தப்பட்டு, குறைகளைக் கேட்டு முறையிட வழி பிறந்தது. நிர்வாகம் விதி மீறினால் வாங்குவோர் வியாபாரத்தைக் குறைக்கலாம் என்பதே அதன் பலமாக இருந்தது.

ஆதலின், வீட்டுப் பெண் "இனி போகமாட்டேன்" என்றால், கடனையும் தவணையையும் நினைவூட்டுமுன் காரணத்தைக் கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடத்தில், பெண் தலைமையில் புகார்க் குழு இருத்தல் வேண்டுமென்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பாலியல் தொல்லை நேர்ந்தால் மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறையிடலாம். எழுத இயலாதவருக்கு அதற்கு உதவுவது குழுவின் கடமை. இவ்விஷயத்தை அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலும் அண்டை அயலிலும் எடுத்துச் சொல்லுதல் நலம்.