விடுபட்ட பாத்திகளின் கணக்கு

புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையம் தந்த வம்பன் 8, வம்பன் 11 ஆகியவை உளுந்து விவசாயிகளுக்குப் பழகிய பெயர்கள். ஒரு ரகம் இப்படி ஊருக்குள் வருமுன் பல பருவங்கள் வயல் சோதனையைத் தாண்டியாக வேண்டும். திடலைத் தொகுதிகளாகப் பிரித்து, எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைக் குலுக்கிப் போட்டு விதைப்பார்கள். மகசூல் கூடக் குறைய இருப்பதில் ரகத்தின் பங்கு எவ்வளவு, மண்ணின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது மாறுபாட்டுப் பகுப்பாய்வு, அதாவது அனோவா. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1920களில் ரொனால்டு ஃபிஷர் உருவாக்கிய முறை இது.

எல்லாப் பாத்தியும் அறுவடைக்கு வந்துவிட்டால் கணக்கு எளிது. வயலில் அப்படி எப்போதும் நடப்பதில்லை. ஒன்றில் முளைப்பு சரியிருக்காது, இன்னொன்றை மாடு மேய்ந்துவிடும்.

கற்பனையாக ஒரு கணக்கு போடுவோம். இரண்டு ரகங்கள். இரண்டுமே இறவையில் பாத்திக்கு 10 கிலோ, மானாவாரியில் 6 கிலோ தருகின்றன, வித்தியாசமே இல்லை. பழைய ரகத்தில் இறவைப் பாத்தி 1, மானாவாரி 3 மிஞ்சின. புதியதில் இறவை 3, மானாவாரி 1. சராசரி எடுத்தால் பழையது 7 கிலோ, புதியது 9 கிலோ! தண்ணீர் செய்த வேலைக்கு ரகம் பெயர் வாங்கிக்கொள்கிறது.

இந்தச் சிக்கலுக்கு ரோத்தம்ஸ்டெட்டிலேயே பணியாற்றிய ஃபிராங்க் யேட்ஸ் 1934இல் வழி சொன்னார். தண்ணீரின் விளைவைக் கழித்துவிட்டு, அதன் பிறகே ரகங்களை ஒப்பிட வேண்டும். இன்று கணினி நொடியில் செய்துவிடும். ஆனால் எண்ணிக்கை சமமில்லாதபோது எதை முதலில் கணக்கில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறக்கூடும். ஆய்வாளர் தன் வரிசையைச் சொல்லியே ஆக வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயால் ஒரு ரகத்தின் பாத்திகள் சில அழிந்தன என்று வைத்துக்கொள்வோம். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பிழைத்தவற்றை மட்டும் எடை போட்டால், நோய்க்குத் தாங்காத ரகமே நல்ல ரகமாகத் தெரியக்கூடும். எந்தச் சூத்திரமும் இதைத் தானாகச் சரிசெய்யாது. ஆகவே ‘இத்தனை சதவீதம் கூடுதல் மகசூல்’ என்று யார் சொன்னாலும், எத்தனை பாத்தி விதைத்தீர்கள், எத்தனை மிஞ்சின, மற்றவை ஏன் போயின என்று கேளுங்கள்.