கழலையும் புற்றும்

கட்டி என்னும் ஒரே சொல்லால் பலவற்றைக் குறிக்கிறோம். சீழ் கோத்த வீக்கமும் கட்டிதான். தோளில் இருபது ஆண்டுகளாக வலியின்றி உருளும் கொழுப்புத் திரட்சியும் கட்டிதான். உயிரைப் பறிக்கும் நோயும் கட்டிதான். பழைய வழக்கில் கழலை வேறு, புற்று வேறு. அந்த வேறுபாட்டை நாம் மீண்டும் நினைவிற்கொள்வது நல்லது.

உடலின் உயிரணுக்கள் தேவைக்கேற்பப் பிரிந்து பெருகி, போதுமானபோது நின்றுவிடும். இந்தக் கட்டுப்பாட்டைத் தாங்கியுள்ள மரபணுக்கள் பழுதுபட்டால் பெருக்கம் நிற்பதில்லை, திரட்சி தோன்றுகிறது. சாதாரணக் கட்டி மெல்ல வளரும். பெரும்பாலும் உறைக்குள் அடங்கியிருக்கும். அண்டைத் திசுவைத் தள்ளுமேயன்றித் துளைக்காது. கருப்பையின் நார்க்கட்டி, இளம்பெண்களின் மார்பில் நழுவி நகரும் கட்டி ஆகியவை இவ்வகையின. புற்றோ வேர்விட்டு ஊடுருவும். இரத்தம், நிணநீர் வழியே நுரையீரல், கல்லீரல், எலும்பு வரை சென்று குடியேறும். பொதுவாக ஒரே பழுதினால் இது நேர்வதில்லை. ஆண்டுக்கணக்கில் பல பழுதுகள் சேரவேண்டும். முதுமையில் இந்நோய் மிகுவது இதனாலேயே.

எனினும் சாதாரணம் என்றால் தீங்கே இல்லை என்பதன்று. மூளையில் வளரும் சாதாரணக் கட்டியும் அழுத்தத்தால் உயிருக்கு உலை வைக்கும். பெருங்குடலின் சிறு முளைகளுள் சில, காலப்போக்கில் புற்றாக மாறும்.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் நாட்கூலிக்குச் செல்வோர்க்கு மருத்துவமனையில் கழியும் ஒரு நாள், இழந்த ஒரு நாள் கூலி. ‘வலி இல்லையே, தீபாவளி வேலை முடியட்டும்’ என்று தள்ளிப்போடுவதன் காரணம் நமக்குப் புரிகிறது. ஆனால் தொடக்கநிலைப் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை! வலியின்மையை நற்சான்றாகக் கொள்ளலாகாது. ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற அச்சமும் பலரைத் தடுக்கிறது. முறைப்படி செய்யும் பயாப்சியால் நோய் பரவும் வாய்ப்பு மிக மிக அரிது. காலந்தாழ்த்தி வந்தவர்களின் முடிவைக் கண்டு கத்தியின்மேல் பழி போட்டுவிட்டோம். தொட்டுப் பார்த்தோ ஸ்கேன் கொண்டோ ஐயுறலாம். உறுதிசெய்வது பெரும்பாலும் நுண்ணோக்கியே.

பட்டாசு மருந்தினால் புற்று வருமா என்று பலர் வினவுகின்றனர். 1775-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைப்போரின் விதைப்பைப் புற்றுக்கும் கரிப்புகைப் படிவுக்கும் உள்ள தொடர்பை எழுதினார். ஆகவே வினா தவறன்று. புற்றை விளைவிக்கவல்ல ஆர்சனிக், மற்றும் ஈயம், பாதரசம் முதலியவற்றைப் பட்டாசில் சேர்க்க உச்ச நீதிமன்றம் 2017-இல் தடைவிதித்தது. அதற்காக ஒவ்வொரு கட்டியையும் ஆலையின்மேல் சுமத்த இயலாது; வாயில் அடக்கும் புகையிலை அதனினும் கொடியது. எனினும் செய்யும் தொழிலை மருத்துவரிடம் மறவாது கூறுக.

தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியபோது, இந்நோய் தீராது என்பதே பொதுக்கருத்து. இன்று தொடக்கத்திலேயே கண்டறிந்த பல புற்றுகள் குணமாகின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் சிகிச்சைக்கு இடமுண்டு.

அகற்றிய கட்டி எதுவாயினும் அதன் திசுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குக. மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்ப நேர்ந்தால், அங்கே முதலில் கேட்பவற்றுள் அத்தாளும் கண்ணாடித் தகடும் இருக்கும்.